வசந்தவல்லியின் பல்லும் ஆச்சியின் பல்லும்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசியில் வெயிலுக்கே ஓர் ஈரம் வந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே புகும் காற்று குளிர்ந்து, திரிகூடமலையின் உச்சி மேகத்துள் மறைந்து, குற்றாலத்தில் சாரல் தொடங்கிய செய்தி பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகள் வரை வந்து சேரும். அந்த நாட்களில் குறுந்தொகையின் 287ஆம் பாட்டை நடத்துவது எளிது. வகுப்பறைச் சன்னலைத் திறந்துவிட்டால் போதும்.

கச்சிப்பேட்டு நன்னாகையார் என்ற பெண்பாற் புலவர் பாடியது அது. பிரிவால் வாடும் தலைவிக்குத் தோழி கார்ப்பருவத்தின் வரவைக் காட்டித் தேற்றுகிறாள். நீரைச் சுமந்த மேகம் வானில் ஏறமாட்டாமல், சுமையைத் தாங்கியபடி குன்றுகளை நோக்கி நகர்கிறது. அதற்கு உவமை நிறைசூலி. நடை தளர்ந்தவள், பச்சைப் புளியின் மேல் ஆசை கொண்டவள். மாணவர்கள் ஒருமுறை மலையைத் திரும்பிப் பார்ப்பார்கள், பாட்டு விளங்கிவிடும்.

பல ஆண்டுகளாக இந்தப் பாட்டை நடத்தி வருகிறோம். மேகத்தின் சூலைப் பற்றியும் உவமையின் பொருத்தத்தைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். அந்தப் புளியை மென்ற பற்களைப் பற்றி ஒருமுறையும் நினைத்ததில்லை. நம் வீட்டுப் பெண் ஒருத்திக்குப் பேறுகாலத்தில் பல்வலி வந்த பிறகுதான் நினைத்தோம். அந்த வலியைச் சொல்வதற்கு முன், அதற்குப் பின்னால் இருக்கும் நெடிய வரலாற்றைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பாடப்பட்ட பற்கள், பாடப்படாத பற்கள்

கருவுற்ற பெண்ணின் நாவைத் தமிழ் மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறது. இன்று மசக்கை என்று சொல்வதற்குப் பழந்தமிழில் வயா என்றொரு சொல்லே உண்டு. புறநானூற்றின் 20ஆம் பாட்டில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைப் புகழ்கிறார். அவன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாதாம். வயாவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்டால்தான் உண்டு. ஒரு நாட்டின் காவலைச் சொல்ல, கர்ப்பிணி மண் தின்னும் பழக்கத்தை எடுத்துக்கொண்ட புலவரின் கண் கூர்மையானது. புளியும் பதிவாகிவிட்டது, மண்ணும் பதிவாகிவிட்டது. அவற்றைக் கடித்த பல் மட்டும் பதிவாகவில்லை.

பல்லைப் பாடத் தெரியாத மொழியன்று நம்முடையது. குற்றாலத்துக்கு அருகிலுள்ள மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியை எடுத்துக்கொள்வோம். 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மதுரை முத்துவிசயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில் எழுந்த நூல். அதற்காகக் கவிராயருக்குக் கிடைத்த நிலம் குறவஞ்சிமேடு என்றே பெயர் பெற்றது. அதில் பந்தாட வரும் வசந்தவல்லியின் பற்கள் கடல்முத்துகள். அவளது மூக்கில் தொங்கும் முத்து அந்தப் பல்லின் அழகை எட்டிப் பார்க்கிறது. கன்னியின் பல்லுக்கு இதைவிட ஒரு சிறப்பைச் செய்ய முடியாது.

இதே மலைத்தொடரின் அடியில், வடக்கே திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வார் குழந்தையின் பல்லைப் பாடினார். தளர்நடை நடக்கும் கண்ணனின் சிவந்த வாயில் முளைத்த வெண்பல், அந்திவானத்தில் கிளையின் நுனியில் தோன்றும் பிறைக்கொழுந்தாகிறது. பிறகு வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துக் கொண்டாடின.

ஆக, கன்னிக்கும் பல் இருக்கிறது, குழந்தைக்கும் பல் இருக்கிறது. நடுவில் நிற்கும் தாயின் வாயைத்தான் நாம் திறந்து பார்க்கவில்லை. வசந்தவல்லி மணமாகி நான்கு பிள்ளை பெற்ற பிறகு அந்த மூக்குமுத்து எதை எட்டிப் பார்த்திருக்கும் என்று எந்தக் கவிராயரும் கேட்கவில்லை.

ஆச்சியின் கணக்கு

நம் ஆச்சிக்கு அந்தக் கணக்குத் தெரியும். 1940களிலும் 50களிலும் எட்டுப் பிள்ளை பெற்றவள். நாம் சிறுவனாக இருந்தபோது, திண்ணையில் அமர்ந்து வெற்றிலையை உரலில் இடித்துக்கொண்டே, வாயைத் திறந்து காட்டிக் கணக்குச் சொல்வாள். “இது உங்க பெரியப்பனுக்கு. இது உங்க அப்பனுக்கு. இந்தா, இது தங்காமப் போச்சே, அந்தப் பிள்ளைக்கு.” ஒவ்வொரு பொக்கையும் ஒரு பிள்ளை. அவள் அதைக் குறையாகச் சொன்னதில்லை. கொடுத்த சீராகத்தான் சொன்னாள். வயிற்றுப்பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவள் நம்பிக்கை. ஐரோப்பியரிடத்தும் பிள்ளைக்கு ஒரு பல் என்ற வழக்கு உண்டு என்பதைப் பிற்பாடு படித்தறிந்தோம்.

அந்தக் காலத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை டாக்டர் ஆர்.அகமது கல்கத்தாவில் 1920இல் தொடங்கினார். பல் மருத்துவர்களைப் பதிவு செய்து முறைப்படுத்தும் சட்டம் 1948இல்தான் வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது 1953இல். அதற்குள் ஆச்சிக்குப் பாதிப் பிள்ளைகள் பிறந்திருந்தன. தென்காசிச் சீமையில் பல்வலி கண்டவர்க்கு அன்று கிராம்பும் உப்புநீரும்தான் கதி. வலி பொறுக்காவிட்டால் பல்லைப் பிடுங்கத் தெரிந்த ஒருவர்.

பல்லைத் துலக்கும் ஒழுக்கம் இங்கே புதியதன்று. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், வைகறையில் எழுந்து குச்சியால் பல்துலக்கி முகம் கழுவுவதை அன்றாடக் கடமையாக விதித்திருக்கிறார். ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பழமொழியிலேயே இடம் பிடித்தவை. ஆனால் அந்த ஒழுக்கம், மிகவும் வேண்டியிருந்த நேரத்தில்தான் நம் வீட்டில் நின்றுபோனது. பிள்ளை பெற்றவள் அறைக்குள் இருக்கும் நாட்களில் குளிர்ந்த நீர் வாயில் படக்கூடாது. ஈறு உரமில்லாமல் இருக்கிறது, குச்சி வைத்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்று ஆச்சி தன் மருமகள்களைத் தடுத்தது நமக்கு நினைவிருக்கிறது. சுக்கும் மிளகும் திப்பிலியும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிய லேகியம் மட்டும் நாள்தோறும் உருண்டை உருண்டையாக வரும். அந்த இனிப்பு பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். உண்டது செரிக்கவும் பால் ஊறவும் வெற்றிலை பாக்கு வேறு. அந்தப் பாக்கைப் புகையிலை சேராவிட்டாலும் புற்றுநோய்க் காரணியே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் அறிவித்தது. ஆச்சி அதற்கு முன்பே போய்விட்டாள்.

கிராம்பு வந்த கதை

பல்வலிக்குக் கிராம்பு என்பது அகத்தியர் காலத்து மருந்து போல நமக்குத் தோன்றும். வெற்றிலையோடு சேரும் ஐந்து மணப்பொருள்களில் இலவங்கத்துக்கு இடம் உண்டு. சித்த மருத்துவமும் அதை நன்கறியும். ஆனால் கிராம்பு மரம் நம் மண்ணுக்கு அயலானது. கீழைக்கடலின் மலுக்குத் தீவுகளே அதன் பிறப்பிடம். காய்ந்த மொட்டு கப்பலேறி வந்ததே தவிர, டச்சுக்காரர்கள் மரத்தைத் தங்கள் பிடிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். ஆங்கிலேயர் 1796இல் அத்தீவுகளைக் கைப்பற்றினர். ஏறத்தாழ 1800ஆம் ஆண்டளவில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவில் கிராம்பு மரத்தைக் கொண்டுவந்து வளர்த்த இடம் எது தெரியுமா? நம் குற்றாலம். இங்கே கம்பெனி அமைத்த நறுமணப் பயிர்த் தோட்டத்தில்தான் அது முதன்முதலாக வேரூன்றியது. கம்பெனியார் எண்ணியது வாணிகத்தை. நம் பெண்கள் அடைந்ததோ கையெட்டும் தூரத்தில் ஒரு வலிநீக்கி.

கிராம்பின் எண்ணெயில் யூஜெனால் என்ற பொருள் மிகுதி. அது நரம்பைச் சற்றே மரத்துப்போகச் செய்யும். கிருமியையும் ஓரளவு அடக்கும். துத்தநாக ஆக்சைடோடு யூஜெனாலைக் குழைத்த பசையைப் பல் மருத்துவர்கள் தற்காலிகமாகக் குழியை அடைக்க இன்றும் கையாள்கிறார்கள். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனையில் குற்றாலக் கடைத்தெருவின் வாசனையும் கலந்திருப்பது இதனால்தான்.

ஆனால் கிராம்பு வலியைத்தான் அடக்குமே தவிர, சொத்தையை அடைக்காது, சீழை வற்றவைக்காது. எண்ணெயை அடிக்கடி வைத்தால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோகும். இதை நாம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

மூன்று வாரம்

தங்கை மகளுக்கு ஆறாம் மாதம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வலி என்று தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, ராத்திரி தூக்கமே இல்ல. என்ன செய்யட்டும்?” உள்ளூர்ப் பல் மருத்துவமனை ஒன்றில் காட்டியபோது, பிரசவம் முடியட்டும், அதற்குப் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். நம் வீட்டு மூத்தவர்கள் அதையே இன்னும் அழுத்தமாகச் சொன்னார்கள்: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது பல்லில் கை வைக்கலாகாது. குறவஞ்சியும் குறுந்தொகையும் நடத்துகிற நாமும் அதையேதான் சொன்னோம். “கொஞ்சம் பொறுத்துக்கோம்மா, கிராம்பை வச்சுக்கோ.”

அவள் மூன்று வாரம் பொறுத்தாள். ஒரு பக்கமாகவே மென்றாள். பிறகு மெல்லுவதையே குறைத்தாள். ஒருநாள் விடியற்காலையில் கன்னம் கண்ணளவுக்கு வீங்கி, காய்ச்சல் கண்டு, வாயைத் திறக்க முடியாமல் மருத்துவமனையில் சேர்த்தோம். பல்லின் வேரடியில் சீழ் கட்டியிருந்தது. கருவுக்குத் தீங்கில்லாத கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்து, சீழை வடித்து, மரத்துப்போக ஊசி போட்டுப் பல்லை எடுத்தார்கள். தொடக்கத்திலேயே வந்திருந்தால் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் அந்தப் பெண் மருத்துவர். பிறகு, “பிரசவம் வரை காத்திருக்கச் சொன்னது யார்?” என்று கேட்டார். தங்கை மகள் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை.

கணக்குச் சரி, காரணம் தவறு

அதன் பிறகுதான் நூலகத்தில் வேறு அலமாரிகளின் பக்கம் போனோம். நாம் அறிந்துகொண்டவற்றை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வயிற்றுப்பிள்ளை தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுப்பதில்லை. முளைத்து நின்றுவிட்ட பல் அதைத் திருப்பித் தருவதில்லை. குழந்தைக்கு வேண்டியது தாயின் உணவிலிருந்து போகிறது. பாலூட்டும் மாதங்களில் தாயின் எலும்பு சற்று இளைப்பதுண்டு. பால் மறந்த பின் அதுவும் பெரும்பாலும் ஈடாகிவிடும்.

பிறகு பல் ஏன் போகிறது? முதற்காரணம் ஈறு. கருவுற்ற காலத்தில் பெருகும் இயக்குநீர்கள், பல்லடியில் படியும் அழுக்குக்கு ஈறு காட்டும் எதிர்ப்பை மிகைப்படுத்துகின்றன. ஈறு சிவந்து வீங்கித் தொட்டாலே இரத்தம் கசியும். ஹரால்ட் லோவும் சில்னஸும் 1963இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அழற்சி இரண்டாம் மாதத்தில் தொடங்கி எட்டாம் மாதத்தில் உச்சம் பெறுவதைக் காட்டியது. கர்ப்பிணிகளில் 60 முதல் 75 விழுக்காட்டினருக்கு இது வருவதாக அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் சொல்கிறது. இரத்தத்தைக் கண்டு அஞ்சிப் பல்துலக்குவதை நிறுத்தினால் அழுக்கு இன்னும் கூடும். ஆச்சியின் மருமகள்களுக்கு நேர்ந்தது அதுதான். இரண்டாம் காரணம் புளிப்பு. மசக்கை வாந்தியில் வரும் அமிலமும், ஓயாமல் கடிக்கும் மாங்காயும் புளியும் பல்லின் மேற்பூச்சை இளக்கிவிடும். அந்நேரம் உடனே பல்துலக்கினால் இளகிய பூச்சு தேய்ந்துவிடும். சிறிது சமையல் சோடா கலந்த நீரிலோ வெறும் நீரிலோ வாய் கொப்பளித்து, அரைமணி நேரமாவது கழிந்தபின் துலக்குவதே முறை.

ஈற்று நோய்க்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆஃபன்பேக்கர் குழுவினர் 1996இல் எழுதியது பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மிகலோவிச் குழுவினர் 823 கர்ப்பிணிகளைக் கொண்டு ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட முடிவு அந்தப் பரபரப்பைத் தணித்தது. பேறுகாலத்தில் ஈற்றுக்கு மருத்துவம் செய்ததால் குறைமாதப் பிரசவங்கள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. ஆனால் ஈறு நலமடைந்தது. மருத்துவத்தால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு கூடவுமில்லை. பிள்ளைக்காகப் பல்லைப் பார் என்று அச்சுறுத்த வேண்டியதில்லை. தாய்க்குப் பல் வலிக்கிறது என்பதே போதிய காரணம். பேறுகாலத்தில் எந்த மாதத்திலும் வேண்டிய பல் மருத்துவத்தைச் செய்துகொள்ளலாம். நான்கு முதல் ஆறு மாதம் வரை நாற்காலியில் சாய்ந்திருக்க வசதியான காலம். மரத்துப்போகும் ஊசியும், தேவைப்பட்டால் பல்லுக்கான எக்ஸ்ரேயும் தக்க காப்புடன் ஏற்றவையே. டெட்ராசைக்ளின் போன்ற சில மருந்துகளைத்தான் விலக்க வேண்டும். ஆகவே கருவுற்றிருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் ஆச்சியின் கணக்கு வெறுங்கதையா? அதுவும் இல்லை. ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலும் 50 வயதைக் கடந்தோரைப் பற்றித் திரட்டிய தரவுகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. முதலிரண்டும் ஆணாகவோ இரண்டும் பெண்ணாகவோ பிறந்தால் பெற்றோர் மூன்றாவதற்கு முயல்வது அதிகம். அந்தத் தற்செயலையே அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது, அவ்வாறு மூன்றாம் பிள்ளை பெற்ற தாய்மார்க்கு ஏறத்தாழ நான்கு பற்கள் குறைந்திருந்தன. தந்தையருக்கு அப்படியொரு குறைவு தென்படவில்லை. ஆச்சி எண்ணியது சரி. சொன்ன காரணம்தான் தவறு. அந்தத் தவறான காரணம் ஒரு பெருந்தீங்கைச் செய்தது. பிள்ளை எடுத்துக்கொண்டது என்றால் அதில் கேட்க ஒன்றுமில்லை, தடுக்க ஒன்றுமில்லை. தாய்மையின் பெயரைச் சூட்டிவிட்டதால், வீடும் ஊரும் கவனிக்காமல் விட்டதற்குப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போயிற்று.

தமிழ்நாட்டில் இன்று கருவுற்ற பெண்ணுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் 1987 முதல் உதவித்தொகை வழங்கும் திட்டம் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது. பல் மருத்துவரைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டிய காலம் கழிந்தது. எஞ்சியிருப்பது நம் வீட்டுக்குள்ளே, அடுக்களைக்கும் நடுவீட்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான். பொறுத்துக்கொள் என்று சொல்லாமல், வா போகலாம் என்று சொல்லும் தூரம்.

பிறைக்கொழுந்து

நாம் படித்தவற்றுள் நெஞ்சில் தங்கிய செய்தி ஒன்று உண்டு. கருவின் ஆறாம் வாரத்திலேயே பால்பற்களின் அரும்பு தோன்றத் தொடங்கிவிடுகிறது. பெரியாழ்வார் அந்திவானத்தில் கண்ட பிறை, தாயின் இருட்டறையிலேயே முளைவிட்டுவிட்டது. பிறந்த பின்னும் தாயின் வாயும் சேயின் வாயும் அவ்வளவு அயலானவை அல்ல. சோறு ஊட்டும்போது சூடு பார்த்த கரண்டியின் வழியே சொத்தையை உண்டாக்கும் கிருமிகள் குழந்தைக்குச் சென்று சேரும். ஆகவே தாயின் பல்லைப் பேணுவது குழந்தையின் முதற்பல்லைப் பேணுவதும் ஆகும். பல் முளைக்கும் முன் ஈறை ஈரத்துணியால் துடைத்துவிடுவதும், முதலாண்டு நிறைவதற்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டுவதும் அதைத் தொடர்ந்து வருபவை.

தங்கை மகளுக்கு உரிய மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அறைக்குள் இருந்த நாட்களில் அவள் காலையும் இரவும் வெதுவெதுப்பான நீரில் பல்துலக்கினாள். வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தபோது, இம்முறை நாம் முந்திக்கொண்டு பதில் சொன்னோம். லேகியமும் வந்தது, உண்ட பின் வாய் கொப்பளிக்கச் செம்பில் நீரும் வந்தது.

சென்ற சாரலில் அவர்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். குழந்தை அருவியின் இரைச்சலைக் கேட்டு வாய் திறந்து சிரித்தது. கீழ் ஈறில் இரண்டு வெண்புள்ளிகள். தாயும் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது கடைவாயில் அந்த இடைவெளி தெரிகிறது. ஆச்சியாக இருந்தால் அதைப் பிள்ளையின் கணக்கில் எழுதியிருப்பாள். நமக்குத் தெரியும், அது நம் கணக்கில் எழுத வேண்டியது.